விற்கச் சொன்ன சைக்கிளும் முன்பிரேக் ஓஸும்

திருச்செங்கோடு,
7-10-2025

என் செல்லம் நித்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, போர்த்திக்கொண்டு தூங்கி, சளி பிடிக்காமல் இருக்க அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, புரட்டாசி முடிய இன்னும் பத்து நாள் கிடக்கிறதே என்கிற வலிதான் இப்போது பெரிது, காலையில் காலண்டரை ஒரு பார்வை, மத்தியானம் சாம்பாரை ஒரு பார்வை பார்க்கிறார். காலாண்டு லீவு முடிந்து நேற்றுத்தான் பள்ளிக்கூடம் திறந்தது, திருத்தாத விடைத்தாள் ஒரு கட்டு இந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இருக்கட்டும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அவர் முடித்துவைக்கிறார். இது நான் ஆரம்பித்து நானே முடிக்க வேண்டிய விஷயம். கலையரசன் மாமா மகள் வியாழக்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறாள், பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், பொடி டப்பாவின் மூடியை இறுக்கி மூடு, காற்றுப் பட்டால் கட்டி தட்டிவிடும்.

விஷயம் இதுதான் சாமி. உன் மலைச் சைக்கிளை விற்கச் சொன்னாய் அல்லவா, நான் விற்கவில்லை. வாங்க வந்தவரிடம் உன்னைக் கேட்காமலே இல்லை என்று சொல்லிவிட்டேன். பெங்களூரில் முதல் வேலையில் சேர்ந்து உன் சம்பளத்தில் நீ ஆசைப்பட்டு வாங்கியது, அதை விற்கவோ வைத்துக்கொள்ளவோ முடிவெடுக்க வேண்டியவள் நீ, நான் இல்லை. அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நீ முடிவு சொல்.

இந்த நாட்டில் மலையே இல்லைம்மா, ஊரே தோசைக்கல் மாதிரி இருக்கு, இனி அந்தச் சைக்கிள் எனக்கு எதுக்கு என்று நீ சொன்ன அடுத்த வாரமே நந்தகுமார் சார் வந்து பார்த்தார். இங்கே இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரோடு சைக்கிளில் சங்ககிரி, ராசிபுரம் என்று சுற்றுகிறவர். மாடித் தகர ஷெட்டில் இரண்டு வருடம் தூசியில் நின்ற சைக்கிளைக் கீழே இறக்கி, துடைத்து வைத்திருந்தேன். அவர் பிரேக்கை அழுத்திப் பார்த்தார், மண்டி போட்டுக் குனிந்து பார்த்தார், அப்புறம் சொன்னார், டீச்சர், பிரேக் நல்லாப் புடிக்குது, ஆயில் எங்கயும் கசியல, ஆனா முன்பிரேக்குக்கு ஆயில் போற இந்த ஓஸப் பாருங்க, புடிச்சிருந்த கிளிப் ஒடஞ்சு சக்கரத்து மேல தொங்குது, ஓடறப்ப டயர் தேய்ச்சு ஓஸ் ஓட்டையாச்சுன்னா ஆயில் பூராப் போயிரும், அப்பறம் முன்பிரேக்குன்னு ஒண்ணே இருக்காது, பாதுகாப்பாக் கட்டி வைங்க, அடுத்த ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்து எடுத்துக்கறேன் என்றார். முன் ஷாக்கில், குலுக்கலை வாங்குகிற அந்த முன்காலில், காற்று இறங்கிப் போயிருக்கிறது, அதையும் அடித்துவிடுங்கள் என்று பையிலிருந்து காற்றின் அளவு காட்டும் முள் வைத்த ஒரு சின்னப் பம்பையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பம்பை வாங்கி டிவி மேல் வைத்தேன், வைத்ததோடு மறந்தேன். பின்னால் நடந்த கூத்துக்குப் பாதிப் பொறுப்பு அந்த மறதிக்குத்தான்.

அப்பாவிடம் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. போர் போடற ரிக் வண்டிக்கு ஓஸ் அடிக்கறவன் ஊட்டுலயே ஓஸ் தொங்குதுன்னு வெளியில சொல்லிப்போடாத புள்ள, மானம் போயிரும் என்றார். கடையில் அவர் கை மணிக்கட்டுத் தடிமன் ஓஸ்களையே பார்த்துப் பழகியவர், இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இதென்ன சேமியா மாதிரி இருக்குது, இதுக்குள்ள ஆயில் வேற ஓடுதாக்கும் என்று சிரித்தார். சைக்கிளை அப்படியே கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். ஆயுதபூசைக்கு இரண்டு ரிக் வண்டிக்கு நடுவில் உன் சைக்கிளும் நின்றது, மாலையும் போட்டார்கள், சந்தனத்தை எடுத்துக்கொண்டு பிரேக் தட்டில் பொட்டு வைக்கப் போன அப்பாவை நான் ஓடிப்போய்த் தடுத்தேன், அதில் எண்ணெயோ சந்தனமோ பட்டால் பிரேக் பிடிக்காது என்று நீ ஒருமுறை கத்தியது ஞாபகம் இருந்தது. ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டார், போகட்டும்.

மறுநாள் கட்டினார். ரிக் கட்டு உனக்குத் தெரியும், பழைய லாரி டியூபை வார் வாராக வெட்டி, பல்லில் ஒரு முனையைக் கடித்து இழுத்து, ஓஸ்களை எல்லாம் ஒரே கொத்தாகச் சேர்த்து இரும்போடு இறுக்கிக் கட்டுவது. ஜெகதீஸ்வரன் கட்டுன ஓஸு இங்க கெளம்பி சத்தீஸ்கர் போயித் திரும்பி வந்தாலும் அவுறாதுங்க என்று டிரைவர் பூபதி சொல்லிச் சொல்லியே அப்பாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாகியிருக்கிறது. பின்சக்கர ஓஸை அவர் கட்டியது உண்மையிலேயே அழகு. சட்டத்தின் அடிப்பக்கமாகவே ஓட்டி, சாண் இடைவெளியில் கேபிள் டை போட்டு, பெயின்டில் உரசுகிற இடத்தில் துணி டேப் சுற்றி, டையின் நீட்டிக்கொண்டிருந்த முனைகளைக் காலில் கீறாதபடி நகவெட்டியால் ஒட்ட வெட்டியிருந்தார். முன்பக்கம் வந்தபோதுதான் ரிக் புத்தி வந்துவிட்டது. முன்பிரேக் ஓஸ், பின்பிரேக் ஓஸ், கியர் ஒயர் மூன்றையும் கொத்தாகச் சேர்த்துச் சைக்கிளின் கழுத்துக் குழாயோடு ஒரு கட்டு. அங்கிருந்து முன் ஓஸை விறைப்பாக இறக்கி, சக்கரத்துப் பக்கத்து ஷாக் காலில் இன்னொரு கட்டு. ஒரு நூல்கூட ஆடவில்லை. ஓஸு ஆடுனாத்தான் தேயும், ஆடாம வெச்சா ஆயுசுக்கும் இருக்கும் என்றார்.

நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன். ஷாக் காற்றில்லாமல் கீழே அமுங்கிக் கிடக்கிறதே, இது எழும்பினால் அந்த ஓஸ் எங்கே போகும் என்று மனதில் ஒரு கேள்வி வந்தது. கேட்கவில்லை. குழம்பின் உப்பைப் பற்றி அவர் பேசுவதில்லை, ஓஸைப் பற்றி நான் பேசுவதில்லை, இருபத்தாறு வருடமாக யாரும் எழுதாமல் நடக்கிற ஒப்பந்தம் அது. இத்தனைக்கும் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாஸ்கல் விதி நடத்தும்போது வருடா வருடம் போர்டில் ஹைட்ராலிக் பிரேக் படம் வரைகிறவள் நான்தான். இங்கே ஒரு பிஸ்டன், அங்கே ஒரு பிஸ்டன், நடுவில் குழாய். அந்தக் குழாயை ஒரு நாளும் ஸ்கேல் வைக்காமல் வரைந்ததில்லை. ஆடுகிற வண்டியில் அந்தக் குழாய் எப்படிப் போகும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவி துடைக்கும்போது பம்பு கண்ணில் பட்டது. போய் அடித்தேன். படுத்திருந்த எருமை முன்னங்காலை ஊன்றி எழுந்திருப்பது போல சைக்கிளின் முன்பக்கம் நாலு விரல் அளவு மேலே எழும்பியது, பார்க்கவே ஆசையாக இருந்தது. ஓஸைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். கொடுக்கப்போகிற வண்டி, சரியாக ஓடுகிறதா என்று ஒரு சுற்றுப் பார்ப்போம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, சுடிதாரோடு ஏறி உட்கார்ந்தேன். காலேஜ் முடித்தபிறகு சைக்கிள் தொட்டதில்லை கண்ணு. முதல் பத்தடி ஆட்டம், அப்புறம் ஆட்டம் நின்றது, தெருவில் இருக்கிற குழி எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அந்த ஷாக் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். முனையில் இடது பக்கம் திருப்பினேன், பாதி திரும்பிய ஹேண்டில்பார் அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. நேராக வசந்தாமணி அக்கா வாசலில் காயப்போட்டிருந்த கடலைக்காய்க்குள் போய் இறங்கினேன், நொறநொறவென்று சத்தம். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏம்மா உஷா, கடலக்காய ஒடைக்க மிசினு வாடகைக்கு எடுத்தியா, முன்னாலயே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மூட்டையக் கொட்டி வெச்சிருப்பனே என்றாள். விழவில்லை, அடியில்லை, ஒரு செருப்பு மட்டும் கடலைக்காய்க்குள் போய்விட்டது, ராத்திரிக்குள் அது கிடைத்துவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். முன் ஓஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. பிரேக் பிடியில் ஓஸ் நுழைகிற இடத்தில் மடங்கிப்போய் இருந்தது. காற்று அடித்ததும் ஷாக் எழும்பிவிட்டது, ஓஸ் எழும்ப இடமில்லை. கழுத்தில் ஒரு கட்டு, காலில் ஒரு கட்டு, நடுவில் அதற்கு மூச்சு விட வழியே வைக்கவில்லை. இன்னும் வேகமாகத் திருப்பியிருந்தால் ஓஸ் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆயில் கொட்டியிருக்கும். அப்பாவிடம் காட்டினால், வண்டி சரியில்ல என்றார். முப்பது வருசமாக் கட்டறேன், எனக்கு ஓஸு கட்டத் தெரியாதா என்றார். நான் சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஏனுங்க, இந்த ஹேண்டில்பாரை ஒரு தடவை கீழே அமுக்குங்க என்றேன். அமுக்கினார், ஷாக் கால் உள்ளே போனது. விட்டார், மேலே வந்தது. ரிக்கில நீங்க கட்டற இரும்பு அசையாதுங்க, இதுல கட்டற இடமே மேலயும் கீழயும் போகுது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புது, ஓஸு ஆடித்தான் ஆகோணும் என்றேன். இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார், மூன்றாம் முறையும் அமுக்கினார். டீ ஆறுது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கட்டை நானே கத்திரிக்கோலால் வெட்டினேன்.

சனிக்கிழமை முழுவதும் அதோடுதான். கட்டை வெட்டியதும் ஓஸின் மடங்கிய இடம் நிமிர்ந்துவிட்டது, கசிவும் இல்லை, அதனால் ஓஸைக் கழற்றவில்லை, கழற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும், ஆயிலை மறுபடி ஏற்ற வேண்டும், அதனால் இருந்த நீளத்தை இருந்தபடி வழிப்படுத்துவதுதான் வேலை. முன் ஓஸைக் கழுத்தோடு சேர்க்கவே இல்லை, அது ஹேண்டில்பாரோடும் சக்கரத்தோடும் சேர்ந்தே திரும்புகிறது, கழுத்தில் அதற்கு என்ன வேலை. பிடியிலிருந்து இறக்கி, முன்னால் வளைவாக விட்டு, ஷாக் காலின் உள்பக்கம் டயருக்கு எட்டாத தூரத்தில் கீழே அசைகிற பாகத்தில் மட்டும் கட்டினேன். முதல் தடவை வளைவு பெரிதாகிவிட்டது, வெளியே தள்ளும்போது கேட்டின் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை சின்னதாகிவிட்டது, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியதும் விறைத்தது. மூன்றாம் தடவை சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன், இழுக்கவில்லை, முழுப் பலத்தோடு அமுக்கிப் பார்த்தேன், வளைவு வெளிப்பக்கம் புடைத்ததே தவிர டயரைத் தொடவில்லை. பின் ஓஸுக்கு மட்டும்தான் கழுத்தைத் தாண்ட வேண்டியிருந்தது, அதற்கு ஒரு அகலமான வளைவு விட்டு, ஹேண்டில்பாரை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, எங்கேயும் மடங்கவில்லை என்று பார்த்த பிறகே அப்பா போட்ட முதல் டையோடு சேர்த்தேன். சட்டத்தில் அவர் போட்ட டை ஒன்றையும் நான் தொடவில்லை, அவை சரியாக இருந்தன, அதையும் அவரிடம் சொன்னேன். நிமிர்ந்தபோது மணி நாலு, சாப்பிட்டேனா என்றே ஞாபகம் இல்லை. எதற்கு இவ்வளவு பாடு, நாளைக்கு இன்னொருவர் கொண்டுபோகப் போகிற வண்டிக்கு என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இதை நான் கொடுக்க விரும்பவில்லை என்று.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் கிளம்பினேன், பத்து மணிக்குள் ஒரே ஒரு முறை நம் கோயில் மலை ரோட்டில் போய்வந்துவிட வேண்டும் என்று. கேட்டைத் திறந்தால் அப்பா டிவிஎஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி நிற்கிறார், முன்னால் பையில் கட்டிங் பிளேயரும் டியூப் வாரும். நீ பாட்டுக்குப் போ, நான் சாமி கும்பிட வாரேன் என்றார். ஏற்றத்தில் பாதி மிதித்தேன், பாதி தள்ளினேன், மூச்சு வாங்கியது, நடந்து மலையேறுகிறவர்கள் டீச்சர் வணக்கம் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கினார்கள். மேலே ஒரு நிமிடம் நின்று கீழே ஊரைப் பார்த்தேன், அப்புறம் இறக்கினேன். நித்யா, அதை எப்படி எழுத. காற்று காதில் இரைகிறது, வளைவு வருகிறது, பிரேக்கை ஒரு விரலால் பிடித்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது, இன்னொரு வளைவு, திருப்பினால் திரும்புகிறது, முன்னால் அந்த ஓஸ் ஷாக்கோடு சேர்ந்து புடைத்துப் புடைத்து அடங்குகிறது, நான் வைத்த வளைவு. இந்த வயதில் மலையிலிருந்து இறங்குகிறவள் பயப்பட வேண்டும், எனக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு வளைவில் குரங்குக் கூட்டம் குட்டியோடு ரோட்டைக் கடந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன், முன்பக்கம் அமுங்கி, சறுக்காமல், அப்படியே நின்றது. பின்னால் வந்த அப்பா பக்கத்தில் நிறுத்தி, குனிந்து ஓஸைப் பார்த்து, எங்கியாச்சும் இழுக்குதா என்றார். இல்லீங்க என்றேன். அப்பறம் எதுக்கு நிக்கற, போ என்றார்.

பத்து மணிக்கு நந்தகுமார் சார் வந்தார். முன்பக்கம் குனிந்து, அமுக்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சேலத்துல எந்தக் கடையிலங்க கட்டுனீங்க, சுத்தமா இருக்குது என்று அப்பாவைத்தான் கேட்டார். அப்பா என்னைக் காட்டி, எங்க ஊட்ல கட்டுனதுங்க, நான் கட்டுனத அறுத்துப்போட்டாச்சு என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி முகம். நான் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தேன், டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன், சார், மன்னிச்சுக்குங்க, இந்தச் சைக்கிளை நான் விக்கல. அப்பா என்னைப் பார்த்தார், நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து சைக்கிளுக்கும் சாருக்கும் நடுவில் நின்றுகொண்டார். சார் காபியைக் குடித்து முடித்துவிட்டு, அப்ப வர்ற ஞாயித்துக்கெழம ராசிபுரம் போறோம் டீச்சர், அஞ்சரைக்கு ஆர்ச்சுக்கிட்ட வந்துருங்க, பம்பு உங்ககிட்டயே இருக்கட்டும் என்றார்.

நீ ஊருக்குப் போனபிறகு உன் சாமான்களை எல்லாம் நித்யா வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன், உன் அலமாரி, உன் புத்தகம், உன் பாதி எரிந்த மெழுகுவத்திகூட. இந்தச் சைக்கிளையும் அப்படிச் சொல்லி வைத்துக்கொள்வது எனக்குச் சுலபம், நீயும் சரிம்மா என்று சொல்லிவிடுவாய். ஆனால் அது பொய். உனக்காகப் பத்திரப்படுத்த நான் இதைக் கேட்கவில்லை. எனக்கு வேண்டும். எனக்கே எனக்கு, ஓட்டுவதற்கு, தேய்ப்பதற்கு, விழுந்தால் கீறுவதற்கு. உன்னிடம் இதுவரை சாப்பிடு, தூங்கு, போன் பண்ணு என்றுதான் கேட்டிருக்கிறேன், எனக்கென்று ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை, கேட்கவே நன்றாக இருக்கிறது. யோசித்துச் சொல், இல்லை என்றாலும் வருத்தமில்லை என்று எழுத வந்தேன், அதுவும் பொய், வருத்தமாகத்தான் இருக்கும்.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு போ, இரும்புச்சத்து மாத்திரையை வெறும் காபியோடு போடாதே, மெத்தை விரிப்பை வாரம் ஒருமுறையாவது மாற்று. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நினைத்த இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, நூறு வருடம் சிரித்த முகமாக நீ இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதிலேயே சேர்த்தி. ஜனவரியில் வரும்போது நீயும் எங்களோடு ராசிபுரம் வர வேண்டியிருக்கும் என்பதை மறக்காதே, உனக்கு ஓட்ட ஒரு சைக்கிளை நந்தகுமார் சாரிடம் இப்போதே இரவல் சொல்லி வைத்துவிட்டேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
ஜெ. உஷாராணி